எதிர் வீட்டுப் பலகையும் தோழிக்கு வந்த குறுஞ்செய்தியும்

வாசகியின் கடிதம் (சுருக்கி):

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுண்டியில், கமிங் பக்கம் பதினேழு வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் திருச்சி. நானும் கணவரும் 2022இல் குடியுரிமை வாங்கினோம். மகளுக்குப் பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். 2024 அதிபர் தேர்தல் முடிந்த மறுநாள், அவளுடைய நெருங்கிய தோழிக்கு ஃபோனில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பெண் கறுப்பினத்தவள். பருத்தி பறிக்க உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், தோட்டத்துக்கு வந்து சேர் என்று, அடிமைக் காலத்தைச் சொல்லிக் காட்டுவது போல இருந்ததாம். பள்ளியில் அவள் அழுததைப் பார்த்துவிட்டு என் மகள் வீட்டுக்கு வந்தாள். அன்று இரவு சாப்பாட்டின்போது, கணவர் டிரம்புக்கு வாக்களித்தது பேச்சோடு பேச்சாக வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து அப்பாவிடம் அவள் பேசுவதில்லை. "இது அவங்க சண்டை, நமக்கு எதுக்கு வம்பு, படிக்கிற வேலையைப் பாரு" என்கிறார் அவர்.

எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தம்பதி. 2014 ஜனவரி பனியில் அட்லாண்டாவே உறைந்துபோய் நாங்கள் இருவரும் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட இரவில், அவர்தான் தன் டிரக்கில் போய் டேகேரிலிருந்து மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். அவர்கள் வாசலில் இந்த முறை டிரம்ப் பெயர்ப் பலகை இருந்தது. மகள் இப்போது அவர்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வருடா வருடம் தேங்க்ஸ்கிவிங் அவர்கள் வீட்டில்தான். இந்த முறை வரமாட்டேன் என்கிறாள். நான் கமலா ஹாரிஸுக்கு வாக்களித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகளை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் ஒன்று கண்ணில் பட்டது. கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எதிர் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்தி யாருக்கு வந்ததோ அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை, வீடு இரண்டுபட்டுக் கிடக்கும்போது வெளியே கண் போகாது. ஆனால் உங்கள் மகளின் கோபம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. தோழியின் வீட்டுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். செய்யும்போது அதை முதலில் செய்யுங்கள்.

அந்தக் குறுஞ்செய்தி அவளுக்கு மட்டும் வந்ததில்லை. நவம்பர் 6 அன்று பல மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு, கல்லூரி மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகள் உட்பட, ஏறக்குறைய ஒரே வாசகத்தில் வந்தது. சிலருக்குப் பெயர் சொல்லியே வந்தது. எஃப்.பி.ஐ. விசாரணையில் இறங்கியது. தங்களுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று டிரம்பின் பிரச்சாரக் குழு சொன்னது. ஆகவே உங்கள் கணவருக்கும் எதிர் வீட்டுக்காரருக்கும் அதில் பங்கில்லை. இது உங்கள் மகளுக்கு நன்றாகவே தெரியும். அவள் கேட்பது வேறு. "இப்படி ஒன்று நடந்த அன்றைக்கு, அது அசிங்கம் என்று நம் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லையே" என்பதுதான் அவளுடைய கேள்வி. அப்பா சொன்னது "படிக்கிற வேலையைப் பாரு." நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. யாருக்கு வாக்களிப்பது என்பது ஒன்று. ஒரு பெண் குழந்தையை அவள் தோலைக் காட்டி அவமானப்படுத்தியது இன்னொன்று. முதலாவதில் ஒரு குடும்பத்துக்குள் நான்கு கருத்து இருக்கலாம், பேசிப் புரிந்துகொள்ளலாம். இரண்டாவதில் இரண்டு பக்கம் கிடையாது. அடிபட்டவள் பக்கத்தில் போய் நிற்பது ஒன்றுதான் வழி. அப்பா இரண்டையும் சேர்த்து "வம்பு" என்று ஒதுக்குகிறார். மகள் இரண்டையும் சேர்த்து "துரோகம்" என்கிறாள். இதைப் பிரித்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. நீங்கள் கேட்டது சமாதானம். அது இதற்கு அப்புறம் தானாக வரும்.

நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை மகள் அனேகமாக ஏற்கெனவே தேடிப் படித்திருப்பாள். 1912 செப்டம்பரில், ஃபோர்சைத் கவுண்டியில் ஒரு வெள்ளைக்கார இளம்பெண் தாக்கப்பட்டாள், இரண்டு வாரம் கழித்து இறந்தாள். அந்தத் தாக்குதலை வைத்துக் கமிங் சிறையிலிருந்து ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் வெளியே இழுத்துக் கொன்றது. பதின்பருவத்தைத் தாண்டாத இரண்டு பையன்களை அவசர விசாரணை நடத்தி அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். பிறகு இரவோடு இரவாக வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் தீ வைத்து, கவுண்டியில் இருந்த ஏறத்தாழ 1,100 கறுப்பின மக்களையும் விரட்டினார்கள். அவர்கள் விட்டுப் போன நிலத்தில் பெரும்பகுதி வேறு கைக்குப் போய்விட்டது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கறுப்பினத்தவர் குடியிருப்பு என்று ஒன்று கிடையாது. 1987 ஜனவரி 17 அன்று ஒரு சிறிய குழு அமைதி ஊர்வலம் போனபோது கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு, நேஷனல் கார்டு படையின் காவலோடு அதே ஊரில் நடந்தார்கள். வந்தவர்களில் வெள்ளைக்காரர்களும் நிறையப் பேர். இது நடந்தபோது உங்கள் எதிர் வீட்டுத் தம்பதிக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருந்திருக்கும்.

இன்று அதே கவுண்டியில் ஆறில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளியினர், அதில் நம்மவர்களே ஏராளம். கறுப்பினத்தவர் நூற்றில் நான்கைந்து பேர்தான். அந்தத் தோழியின் பெற்றோர் அங்கே வீடு வாங்கும் முன் எத்தனை இரவு யோசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நாம் பள்ளிக்கூடத் தரவரிசையைப் பார்த்து வாங்கினோம். அவர்கள் அதையும் பார்த்து, 1912ஐயும் பார்த்து வாங்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வளரும் ஒரு பெண்ணுக்கு "தோட்டத்துக்கு வா" என்று செய்தி வந்தால், அதை விளையாட்டு என்று அவளால் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

இனி உங்கள் கணவரின் "அவங்க சண்டை". இந்த வாக்கியத்தை நான் அட்லாண்டா பக்கம் குடும்ப ஆலோசகராக இருக்கும் இத்தனை வருடத்தில் எத்தனையோ தமிழ் வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. விசாவை நம்பிப் பத்துப் பதினைந்து வருடம் தலை குனிந்து வாழ்ந்தவரின் பயம் அது. ஆனால் தகவலாகப் பார்த்தால் அது தவறு. நாம் இந்த நாட்டுக்குள் வந்த கதவே அவர்கள் சண்டை போட்டுத் திறந்த கதவு. 1923இல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், குடியுரிமை கேட்டபோது நீ வெள்ளையன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. 1946க்குப் பிறகும் இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு. கறுப்பின மக்களின் போராட்டத்தால் 1964இல், இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிசார் உரிமைச் சட்டம் வந்தது, 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அந்த அலையிலேயே, அதே ஆண்டு அக்டோபரில், பிறந்த நாட்டை வைத்து ஆள் பிரிக்கும் பழைய ஒதுக்கீட்டை நீக்கிய குடியேற்றச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். உங்கள் கணவரின் முதல் விசாவுக்கு அடியில் இது இருக்கிறது.

அவர் திருச்சிக்காரர் என்பதால் இன்னொன்றும் அவருக்குப் புரியும். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனாராம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றிருந்தது. பிறகு தன் மக்கள் வாழும் நிலையை யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அதுதான் என்று ஏற்றுக்கொண்டார். இதை அவரே 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவின் எபினேசர் தேவாலயத்தில் பிரசங்கத்தில் சொன்னார். அந்தத் தேவாலயம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தில் "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கிப் போன மனிதர்களை உங்கள் கணவரும் பார்த்திருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் அங்கே என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

சரி, அவருடைய வாக்கு? அதற்காக அவரை வீட்டில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. இதை மகளிடம் நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவில் 2020இல் வித்தியாசம் 11,779 வாக்கு. இந்த முறை 52 லட்சத்துக்கும் மேல் விழுந்ததில் சுமார் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். ஏறக்குறையப் பாதிப் பாதி. பாதி மாநிலத்தை வெறுத்துக்கொண்டு ஒரு பதினாறு வயதுப் பெண் எங்கே போய் வாழ்வாள்? பலகையைப் பார்த்ததும் அவளுக்கு இனம் ஞாபகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். 1964 அதிபர் தேர்தலில், குடிசார் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டர் ஜார்ஜியாவில் வென்றார். இன்று டிரம்பின் கட்சியான ரிபப்ளிக்கன் கட்சியின் வேட்பாளர் ஒருவர் இந்த மாநிலத்தில் வென்றது அதுவே முதல் முறை. அதிலிருந்து கட்சியும் இனமும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆனால் அந்தப் பின்னல் முழுதாக இறுகிவிடவும் இல்லை. டெக்சாஸ் எல்லையில் ஸ்டார் கவுண்டி, ஏறத்தாழ முழுக்க ஹிஸ்பானிக் மக்கள் வாழும் இடம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக டெமாக்ரட்டுகளுக்கே வாக்களித்து வந்தது. இந்த முறை டிரம்ப் பக்கம் போனது. மளிகை விலை, வீட்டுக் கடன் வட்டி, எல்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். உங்கள் கணவரின் காரணம் என்னவென்று மகளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

கணக்கெடுப்புகளில் எனக்கு மறக்காத ஒன்று உண்டு. கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் திருமணம் செய்துகொள்வதை 1958இல் அமெரிக்கர்களில் நூற்றுக்கு 4 பேர்தான் ஏற்றார்கள். 2021இல் 94 பேர். அதே காலத்தில் இன்னொரு கணக்கு எதிர்த்திசையில் போனது. பிள்ளை மாற்றுக் கட்சிக்காரரைக் கட்டினால் வருத்தம் என்று 1960இல் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் சொன்னார்கள். 2010இல் ரிபப்ளிக்கன்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும், டெமாக்ரட்டுகளில் மூன்றில் ஒருவரும் சொன்னார்கள். ஒரு சுவர் இடிந்துகொண்டிருந்தபோதே இன்னொன்று எழுந்துகொண்டிருந்தது. இப்போது அது உங்கள் சாப்பாட்டு மேசை வரை வந்திருக்கிறது.

2016 தேர்தலுக்குப் பிறகு இதே மாதிரி ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பாவும் கல்லூரி போகப்போகும் மகனும். "வீட்டுக்குள் அரசியல் பேசக் கூடாது" என்று ஒரு விதி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். சத்தம் நின்றது. பேச்சும் நின்றது. பையன் கல்லூரிக்குப் போனான், அடுத்த இரண்டு வருடம் விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லை. நான் சொன்ன வழி தவறு. அந்தத் தவறு இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் "இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று இனி யாருக்கும் நான் சொல்வதில்லை.

அதே 2016 டிசம்பரில் ஓஹாயோவில் சவுத் லெபனான் என்ற சிற்றூரில் டிரம்புக்கு வாக்களித்த பத்துப் பேரும் கிளிண்டனுக்கு வாக்களித்த பதினொரு பேரும் ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பில் டோஹர்ட்டி, பிரியப்போகும் தம்பதிகளோடு வேலை செய்யும் குடும்ப சிகிச்சையாளர், அந்தப் பேச்சை வடிவமைத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று பிரேவர் ஏஞ்சல்ஸ் என்ற அமைப்பு. அவர்கள் செய்யும் ஒரு பயிற்சி உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். எதிர்ப்பக்கம் நம்மைப் பற்றி என்னவெல்லாம் நினைக்கிறது என்று ஒவ்வொரு பக்கமும் தானே பட்டியல் போட வேண்டும். பிறகு அதில் எது தவறு, அதே நேரம் அதற்குள் ஒளிந்திருக்கும் உண்மை எது, இரண்டையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மற்றவர் குறுக்கே பேசக் கூடாது.

ஞாயிறு காலை, டிவி இல்லாமல், காபியோடு உட்காருங்கள். "நான் இன வெறுப்பை ஆதரிக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். அது இல்லை. ஆனால் உன் தோழி அழுததைக் கேட்டுவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை, அது உண்மை" என்று அப்பா சொல்லும் இடம் வரை போக முடிந்தால் பெரிய விஷயம். மகளுக்கும் இதே பயிற்சி. "நான் உங்களை முட்டாள் என்று நினைப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள்" என்று அவள் தொடங்க வேண்டியிருக்கும். அது அவளுக்கும் வலிக்கும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அப்பா "ஆனால்" போடாமல் பதில் சொல்ல வேண்டும்: அந்தச் செய்தி தப்பா, இல்லையா? அதை அவரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லி வைத்துவிடுங்கள். மகளுக்கு முன்னால் திடீரென்று மடக்கினால் எந்த அப்பாவும் வீம்புக்கு நிற்பார்.

அந்த மேசையில் நீங்களும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் வாக்கை. ரகசிய வாக்கு உங்கள் உரிமை, கணவரிடம்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் உரிமைக்காக மறைக்கவில்லை, வீட்டில் சத்தம் வரும் என்று மறைத்தீர்கள். கருத்து இருந்தாலும் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் வீடு நடக்கும் என்று மகள் அதிலிருந்து கற்றுக்கொள்வாள். நீங்கள் வாக்களித்த வேட்பாளரின் அம்மா சியாமளா, 1958இல் பத்தொன்பது வயதில் தனியாகப் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். அறுபதுகளில் கறுப்பின மாணவர்களின் படிப்பு வட்டத்தில் போய் உட்கார்ந்த தமிழ்ப் பெண். உங்கள் மகளுக்கு இந்தக் கதையை நீங்கள் சொல்லுங்கள், அவள் ஃபோனில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

எதிர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்தே ஆக வேண்டும் என்று அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். 2016 தேங்க்ஸ்கிவிங் அன்று மாற்றுக் கட்சி ஊர்களிலிருந்து வந்து கூடிய குடும்பங்களின் விருந்து, மற்றவர்களின் விருந்தைவிட அரை மணி முதல் ஐம்பது நிமிடம் வரை குறைந்துபோனதாக ஃபோன் இருப்பிடத் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படிச் சுருங்கினாலும் பரவாயில்லை, போனால் போதும். அரை மணி நேரம் வா, பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு என்று கேளுங்கள். முடியாது என்றால் விடுங்கள். ஆனால் 2014 இரவை அவளுக்கு முழுதாகச் சொல்லுங்கள். அப்போது அவளுக்கு ஐந்து வயது, ஞாபகம் இருக்காது. ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ், ஆயிரக்கணக்கான கார்கள் விடிய விடிய நின்ற இடத்தில் நின்றன. அந்த ஐஸில் ஒரு மனிதர் தனக்கு எந்த உறவும் இல்லாத பழுப்பு நிறக் குழந்தைக்காக வண்டி எடுத்தார். அந்த மனிதரும் இந்தப் பலகை வைத்தவரும் ஒருவரே. இரண்டையும் ஒரே ஆளிடம் பார்ப்பது பதினாறு வயதில் கஷ்டம். நமக்கே கஷ்டம்.

ஒரு நாள் அவளுக்குத் துணிவு வந்தால், தோழிக்கு வந்த செய்தியைப் பற்றி அவரிடம் அவளே சொல்லட்டும். "என் தோழிக்கு இப்படி வந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். வாதாட வேண்டாம். அவர் முகம் வாடலாம். "அதெல்லாம் மீடியா கிளப்பிவிட்டது" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நீங்கள் பக்கத்தில் இருந்து, மரியாதையாக, "இல்லை, அந்தக் குழந்தையை எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். அதை மகளின் தலையில் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, சுருக்கமாக. "வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிடுவே" என்ற பேச்சும், கறுப்பினத்தவரைப் பற்றித் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நாம் உபயோகிக்கும் சொற்களும் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தாலும் சரி. உங்கள் மகளுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது.

இப்போது தோழியின் வீடு. அவளுடைய அம்மாவை நீங்கள் அழைக்க வேண்டும், மகளை விட்டு மெசேஜ் அனுப்பச் சொல்லக் கூடாது. நடந்ததைக் கேள்விப்பட்டோம், எங்களுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது, உங்கள் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சுருக்கமாக முடித்துக்கொண்டால் அதுவும் சரிதான். இது அவருக்குப் புதிதாக இருக்காது, விளக்கிச் சொல்லும் பாரத்தை அவர் மேல் ஏற்றாதீர்கள். தேர்தலை இழுக்காதீர்கள், நாங்கள் யாருக்கு வாக்களித்தோம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். பள்ளிக்குப் புகார் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். எழுதுவதாக இருந்தால், இன்னொரு பெற்றோராக உங்கள் பெயரையும் சேர்த்து முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பத் தயார் என்று சொல்லுங்கள். செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், விசாரணைக்குத் தேவைப்படும். வகுப்பில் யாராவது இதை வைத்துக் கேலி செய்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

முடிந்தால் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அழையுங்கள். அவர் பேச வேண்டியதில்லை. மகளும் அந்த அறையில் இருக்கட்டும். அட்லாண்டா போக்குவரத்தில் அலுத்து வந்து அந்த அம்மா சமைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்க்காமல், ஏழரை எட்டு மணிவாக்கில் கூப்பிடுங்கள்.